எட்டாவது புட்டி

யிசேரா மலைமேல் நூற்றுப்பத்து நாள் கழித்து
வந்து சேர்ந்தது மழை.
யாரோமிர் வண்டியை ஓரங்கட்டி
வைப்பரை அணைக்க மறந்து இறங்குகிறார்.
எட்டுப் புட்டிக் கூடையை
எப்போதும் அவர்தான் சுமப்பார்.
ஏனென்று நான் கேட்டதில்லை.

அலசு, அலசு, அலசு.
நிரப்பு. குமிழில்லாமல் மூடு.
பதினாறு வருடத்துத் திங்கட்கிழமைகள்
எனக்கு இந்த மூன்று வினைச்சொற்கள்.

சமவெளியில் பழுப்பு நிலக்கரி எரிந்த காலத்தில்
யாரோமிருக்கு அங்கே கொதிகலன் காவல்.
விடியலில் வெளியே வந்தால்
புகைபோக்கியின் உச்சியில் சிவப்பு விளக்குகள் மட்டும்.
புகை எங்கே போகிறதென்பது
அவருடைய பணிப்பட்டியலில் இல்லை.

இங்கே வந்தது.
மழையாய் வந்தது கொஞ்சம்தான்.
மூடுபனியாய் வந்ததை
ஸ்ப்ரூஸ் மரங்கள் ஊசியிலைகளால் சீவி எடுத்து
சொட்டுச் சொட்டாய்த் தம் வேருக்கே ஊற்றிக்கொண்டன.
மண்ணிலிருந்த சுண்ணம் கரைந்து இறங்கிப்போக
அதுவரை கல்லோடு கல்லாய்க் கிடந்த அலுமினியம்
எழுந்து நடந்து
மீன்களின் செவுளில் போய் உட்கார்ந்தது.

அந்த வருடங்களில் ஓடை அப்படியொரு தெளிவாம்.
அடியில் கிடக்கும் நாணயத்தில்
ஆண்டைப் படிக்கலாமாம்.
மலையேறிகள் குனிந்து குனிந்து படமெடுத்தார்கள்.
உள்ளே ஒரு புழுகூட இல்லை.

மலைமுகடு மொட்டையான பிறகு
எங்கிருந்தோ நீல ஸ்ப்ரூஸ் கொண்டுவந்து நட்டார்கள்,
அது இடுப்புயரத்தில் நின்றுவிட்டது.
விமானம் வந்து சுண்ணாம்பு தூவியது,
வெற்றிலை தீர்ந்த வாய்க்கு.

பிறகுதான் புகைபோக்கிகளுக்கு வடிகட்டி.
அதன்பின் என் காலம்.
நீர் மெல்ல மெல்லக் கறுப்புத் தேநீர் ஆனது.
குடிநீர் நிலையத்திலிருந்து திட்டித் தொலைபேசி வரும்.
ஆய்வகத்து லிபூஷே சொல்வாள்,
அழுக்கில்லை, புளிப்பு குறைந்த மண்
பிடியைத் தளர்த்துகிறது, பாதி நல்ல சேதி என்று.
மீதிப் பாதியை அவள் சொன்னதில்லை.
நானோ ஒரு கல்லைப் புரட்டி
அடியில் ஒட்டியிருந்த மேஃபிளைக் குஞ்சுக்கு
ஆகாததெல்லாம் பேசி மகிழ்ந்தேன்.

இந்தக் கோடையில்
நின்ற மரங்களையும் பட்டைவண்டு தின்றது.
வெட்டி இழுத்த இயந்திரத்தின் சக்கரத்தடம்
முழங்கால் ஆழத்துக்கு, ஓடைவரை.
மேலே சதுப்பு வெடித்துக் கிடந்தது,
பாசி மெத்தை காலுக்கடியில் அப்பளமாய் நொறுங்கியது.
காற்றுப் புகாத அந்த ஈர இருட்டுக்குள்
இத்தனை வருடம் முடங்கியிருந்த கந்தகம்
காற்றைக் கண்டது.
மழைக்குக் காத்திருந்தது, நம்மைப்போலவே.

ஏழு புட்டிகள் வழக்கம்போல.
எட்டாவது, சதுப்புக்குக் கீழே.
அமிலமானியை நீருக்குள் விட்டேன்.
எண் இறங்கியது, நின்றது, மறுபடி இறங்கியது.
மானி பழுதென்று துடைத்துவிட்டு விட்டேன்.
"நான்கு புள்ளி இரண்டு, எழுதுங்கள்."
பென்சில் அசையவில்லை.
"இது என்ன எண்?"
பழைய ஏடுகளில் பார்த்திருக்கிறேன், என்றேன்,
எண்பத்து மூன்று வாக்கில் இப்படி இருந்திருக்கிறது.
யாரோமிர் தொப்பியைக் கழற்றினார்,
நல்ல மழையில்.

எண்ணை எழுதினார்.
வானிலைக் குறிப்புக்கான கட்டத்தில்
வேறேதோ எழுதினார், நீளமாய், கட்டத்துக்கு வெளியே.
கூடையைத் தூக்கினார். கண்ணாடிகள் மோதிக்கொண்டன
வண்டிவரை.

இரவு கணினியில் ஏற்றும்போதுதான் படித்தேன்:
'மூன்றாம் கொதிகலன். இரவுப்பணி. நான் இருந்தேன்.'
கணினி ஏற்கவில்லை, குறியீடு கேட்டது.
வெயிலுக்கு ஒன்று. மேகத்துக்கு இரண்டு.
மழைக்கு மூன்று.
மூன்றைத் தட்டினேன்.